வெயில் சார் வைத்த பொங்கல்

சூரியனைக் கும்பிட்டவர்கள் உண்டு. சூரியனைத் திட்டியவர்கள் அதைவிட அதிகம். சூரியனைச் சமையல் வேலைக்கு வைத்துக்கொண்டவர் செங்கல்பட்டு முதல் பீச் ஸ்டேஷன் வரை ஒருத்தர்தான். அவர் எங்கள் வெயில் சார்.

சொந்தப் பேர் என்னவென்று தெருவில் யாருக்கும் தெரியாது. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெரு எங்களுடையது. அங்கே ஒரு வாகை மரம். மரத்தடியில் என் இஸ்திரி வண்டி. மரத்தை ஒட்டி அவர் வீடு. எண்பதுகளின் கடைசியிலிருந்து அவரை நான் தினமும் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியாது. கண் கூசும்.

அப்போது காஸ் கனெக்‌ஷன் என்பது எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்கிற சமாச்சாரம். பிள்ளை பிறந்ததும் எழுதிப் போட்டால் அது கல்யாணத்துக்கு வந்து சேரும் என்பார்கள். அதுவரை மண்ணெண்ணெய். மண்ணெண்ணெய்க்கு ரேஷன் கடை. ரேஷன் கடைக்கு வரிசை.

ஒரு கோடையில் அவர் மனைவி கேனோடு அந்த வரிசையில் நின்று மயங்கி விழுந்தார். என் வண்டிக்குத்தான் தூக்கி வந்தார்கள். துணியை நகர்த்திவிட்டுப் பலகை மேல் படுக்க வைத்தேன். சார் ஓடி வந்தார். மனைவி முகத்தில் தண்ணீர் தெளித்தார். அந்தம்மா கண் திறந்ததும் சார் அண்ணாந்து மேலே பார்த்தார்.

“இத்தனை வெயில தலைக்கு மேல வச்சிக்கிட்டு, எண்ணெய்க்கு எதுக்கு நிக்கணும்?” என்றார்.

அதோடு சரி. அந்த வீட்டிலிருந்து யாரும் எந்த வரிசைக்கும் போகவில்லை. கொஞ்ச நாளில் பெட்டி வந்தது.

அரசாங்க மானியத்தில் விற்ற சூரிய அடுப்பு. சூட்கேஸ் மாதிரி அலுமினியப் பெட்டி. உள்ளே கறுப்பு. மேலே தடித்த கண்ணாடி. மூடியின் உட்பக்கம் முகம் பார்க்கிற கண்ணாடி. மூடியைச் சாய்த்து நிறுத்தினால் வெயில் அதில் பட்டு உள்ளே விழும். உள்ளே நாலு கறுப்பு டப்பா. ஒன்றில் அரிசி, ஒன்றில் பருப்பு, ஒன்றில் காய். நாலாவது எதற்கென்று கடைசி வரை முடிவாகவில்லை. தெருமுனை டெய்லர் அதை ஆர்மோனியம் என்று நினைத்துக் கச்சேரி எப்போது என்று கேட்டார்.

முதல் நாள் சோறு வெந்ததும் சார் தெருவையே கூப்பிட்டுக் காட்டினார். தீ இல்லை. புகை இல்லை. சோறு இருந்தது. எங்களுக்குக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது. ஒரு அம்மா கற்பூரம் ஏற்றப் போனார். தீப்பெட்டியை உள்ளே வை என்று சார் அதட்டினார். தீப்பெட்டி அவருக்கு எதிர்க்கட்சி ஆகிவிட்டது.

வெயிலிலும் ஆள் ஆளாக உண்டு என்பார். மாசி வெயில் நல்ல சமையல்காரன். பங்குனி வெயில் அவனுக்கு அண்ணன். சித்திரை வெயில் முரடன், பருப்பு வைத்தால் கட்டியாக்கிக் கொடுப்பான். ஆடியில் வருகிறவன் மத்தியானம் வரை இருப்பான், அப்புறம் மேகத்தோடு ஓடிப்போவான். மார்கழிக்காரன் தெற்கே சாய்ந்து வருவான், மூடியைத் திருப்பித் திருப்பிக் கெஞ்சி உள்ளே கூப்பிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை என்ற பேரையே அவர் வாயால் சொல்லமாட்டார். “அதுங்க ரெண்டும்” என்பார்.

இந்தியாவிலேயே உயர்ந்த வெயில் தாம்பரத்து வெயில்தான் என்பது அவர் கட்சி. பல்லாவரத்தில் மலை மறைக்கிறது. குரோம்பேட்டையில் தோல் பதனிடும் நாற்றம் பட்டு வெயில் கெட்டுப்போகிறது. பெருங்களத்தூரில் ஏரி உறிஞ்சிவிடுகிறது. மவுண்ட் ரோட்டில் மாடிக் கட்டடங்களே குடித்துவிடுகின்றன. மிச்சம் முழுக்க இங்கே வந்து இறங்குகிறது. ஒருமுறை டெய்லர் ராஜஸ்தான் என்று வாயெடுத்தார். அங்கே பாதி வெயிலை மணல் தின்றுவிடும் என்று சார் முடித்துவிட்டார். டெய்லர் ராஜஸ்தானைப் பார்த்ததில்லை. சாரும் பார்த்ததில்லை. ஆனால் சாரின் குரல் பெரியது.

அவருடைய முதல் சண்டை என்னோடு. வாகை மரத்து நிழல் அவர் வாசலில் விழும்.

“ஏம்மா, உன் மரம் என் சோத்தை மறைக்குது. ரெண்டு கிளைய வெட்டப் போறேன்.”

“சோறு உங்களுது. நெழலு என்னுது சார். காலைலேர்ந்து நெருப்பாண்ட நின்னுகினு கீறேன். வெட்டுங்க. வண்டிய தள்ளினு வந்து உங்க கூடத்துல போட்டுடுறேன்.”

திரும்பித் தன் கூடத்தைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். மறுநாள் பெட்டிக்கு நாலு சக்கரம் மாட்டித் தெரு நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். அங்கே யார் நிழலும் விழாது.

அதன்பின் ஆட்டோக்காரர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். சவாரி பேசும்போதே பெட்டி ரவுண்டாணாவுக்கு இந்தாண்டையா, அந்தாண்டையா என்று கேட்டார்கள். சைக்கிள்காரர்கள் பெல் அடித்தார்கள். மாடு நின்று கண்ணாடியில் முகம் பார்த்தது. சார் யாருக்கும் வழிவிடவில்லை. சூரியன் நகர நகரப் பெட்டியைத் திருப்பிக்கொண்டு, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

அந்தக் கண்ணாடி ஒரு கல்யாணத்தையே நிறுத்தியது. எதிர்வீட்டில் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளையை ஜன்னலுக்கு நேரே உட்கார வைத்தார்கள். அந்த நேரம் பார்த்து சார் மூடியைத் திருப்பினார். வெயில் ஜன்னல் வழியாகப் போய் மாப்பிள்ளை முகத்தில் நின்றது. மாப்பிள்ளை ஒரு கண்ணை மூடினார். பிறகு மற்றதை. பெண் காபியோடு வந்தபோது இரண்டு கண்ணும் இரண்டு பக்கம் இருந்தன. மாறுகண் என்று பெண்ணின் அத்தை முடிவு கட்டிவிட்டார். எதிர்வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். என் பருப்பு வேகணுமா வேணாமா என்று சார் திருப்பிக் கேட்டார். மறுநாள் அந்தப் பெண் சார் வீட்டுக்கு ஒரு கிண்ணம் கேசரி கொண்டுபோனாள். எதற்கென்று அவளும் சொல்லவில்லை. சாரும் கேட்கவில்லை.

அவர் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் லேசில் திரும்ப முடியாது. சாப்பிடாமல் போகக்கூடாது. சாப்பாடு மத்தியானம் ரெண்டு மணிக்கு முன்னால் வராது. கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவர் பாதி நாள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். ஐப்பசி மழையில் வந்த மைத்துனர் சாம்பார் வேகட்டும் என்று இருந்தார். அவர் ஊருக்குப் போனபோது கார்த்திகை பிறந்திருந்தது.

ஒருமுறை தெருவிளக்கை எல்லாம் சூரியனில் எரிய வைக்கலாம் என்று மனுவோடு ஒரு ஆபீஸுக்குப் போனார். தெருவிளக்கு ராத்திரியில்தானே எரியணும், ராத்திரி வெயில் ஏது என்று அங்கிருந்த குமாஸ்தா கேட்டாராம். பகலில் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்று சார் சொன்னார். குமாஸ்தா சிரித்தார். சார் திரும்பி வந்து பெட்டியைத் தள்ளிக்கொண்டு போய் ஆபீஸ் படிக்கட்டில் வைத்து வேர்க்கடலை வேக வைத்தார். ஆபீஸ் முழுக்கச் சாப்பிட்டது. நல்லா இருக்கு சார் என்றது. மனு அங்கேயே இருந்தது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த பெட்டி ஒரு மார்கழியில் இடித்து நின்றது. என்றைக்கோ எழுதிப் போட்ட காஸுக்கு முறை வந்துவிட்டது என்று தபாலில் கார்டு வந்தது.

அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வாய் அதிகம் கிடையாது. வெந்ததைச் சாப்பிட்டார். வேகாத நாளில் அவலும் வெல்லமும் சாப்பிட்டார். அந்தக் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு முதல்முறையாகத் தெருவுக்கு வந்து பேசினார்.

“எனக்கு காஸ் வேணும்.”

“வெயில் இருக்கு,” என்றார் சார்.

“ராத்திரில ஒரு காபி வேணும். மழை நாள்ல ஒரு ரசம் வேணும். ரெண்டு மணிக்குப் பசிச்சா போதும்னு எத்தனை வருஷம் வயித்துக்குச் சொல்லி வைக்கிறது?”

என் வண்டியில் துணி கொடுக்க வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். சார் மூடியைத் திருப்பினார். மார்கழி வெயில். சரியாக விழவில்லை. அக்கா பக்கம் திரும்பினார்.

“பொங்கல் யாருக்கு வைக்கிறோம்? சூரியனுக்கு. அதுக்கு எதுக்கு விறகு? இந்தத் தை முதல் தேதி அவனே வைக்கட்டும். பெட்டியில பொங்கிட்டா காஸ் வேணாம்.”

“பொங்கலன்னா?”

“நீ சொல்றபடி.”

“வேகறது வேற. பொங்கறது வேற. வழியணும்,” என்றார் அக்கா.

“வழியும்.”

அன்று சாயங்காலத்துக்குள் தெரு இரண்டாகிவிட்டது. பெண்கள் எல்லாரும் அக்கா பக்கம். ஆண்கள் சார் பக்கம். அதை அவர்கள் வீட்டில் சொல்லவில்லை.

சாருக்குப் பயம் பொங்கலைப் பற்றி இல்லை. அதற்கு முந்தின நாளைப் பற்றி. போகி என்றால் எங்கள் பக்கம் பழைய பாய், முறத்தோடு முடியாது. டயர். ஜி.எஸ்.டி. ரோடு பக்கத்தில் இருப்பதால் டயருக்குப் பஞ்சமில்லை. விடியற்காலையில் கொளுத்துவார்கள். அந்தக் கரும்புகை பனியோடு கலந்து படுத்துக்கொள்ளும். மீனம்பாக்கத்தில் விமானமே இறங்க இடம் தெரியாமல் சுற்றும். பொங்கலன்று காலை சூரியன் தெரியாது.

வீடு வீடாகப் போய் டயர் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். எல்லாரும் சரி சார் என்றார்கள். அவர் போனதும் சிரித்தார்கள்.

போகியன்று இருட்டு விலகும் முன்பே நான் வாசல் தெளிக்க எழுந்துவிட்டேன். தெருமுனையில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். பஞ்சர் கடைக்காரன் தன் கூட்டாளிகளோடு டயரை ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தான். அதன் உச்சியில் சார் உட்கார்ந்திருந்தார். தலையில் மங்கி குல்லா. கழுத்தில் மப்ளர். கையைக் கட்டியிருந்தார். எப்படி ஏறினார் என்று இன்றுவரை தெரியாது.

“இன்னா சார், எறங்கு. நேரம் ஆவுது,” என்றான் பஞ்சர் கடைக்காரன்.

“கொளுத்து.”

“நீ உக்காந்துகினு கீறியே சார்.”

“பழசைத்தானே கொளுத்தணும்? நானும் பழசுதான். கொளுத்து.”

மேளம் அடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். பஞ்சர் கடைக்காரன் கையில் தீப்பந்தத்தோடு சுற்றிச் சுற்றி வந்தான். கெஞ்சினான். பேஜார் புடிச்ச ஆளு என்று திட்டினான். கடைசியில் அவனே ஒரு டீ வாங்கி வந்து மேலே நீட்டினான். சார் வாங்கிக் குடித்தார். இறங்கவில்லை. நன்றாக விடிந்து, எல்லாரும் பாயும் துடைப்பமும் மட்டும் கொளுத்திவிட்டுப் போன பிறகுதான் இறங்கினார். இறக்கிவிட்டதும் பஞ்சர் கடைக்காரன்தான்.

எங்கள் தெருவில் டயர் எரியவில்லை. சேலையூரில் எரிந்தது. சானடோரியத்தில் எரிந்தது. பெருங்களத்தூரில் எரிந்தது. அத்தனை டயரிலும் ஒரு மனுஷன் உட்கார முடியாது.

பொங்கலன்று விடிந்ததா என்பதை ரேடியோவில் கேட்டுத் தெரிந்துகொண்டோம். எதிர்வீடு தெரியவில்லை. நல்ல நேரம் பார்த்து எல்லார் வாசலிலும் அடுப்பு மூட்டினார்கள். பால் பொங்கி வழிந்தது. சத்தம் கேட்டது. அந்தப் புகைக்குள் யார் வீட்டுச் சத்தம் என்று தெரியவில்லை. நான் என் வீட்டுப் பொங்கலை முடித்துவிட்டு வண்டிக்கு வந்தேன். புதுத்துணியைக் கடை மடிப்போடு போட எங்கள் தெருவில் யாருக்கும் மனசு வராது. பண்டிகையன்றும் எனக்கு வேலை இருக்கும்.

தெரு நடுவில் பெட்டி. புதுப்பானை அதற்குள் போகவில்லை. அதனால் அரிசியும் பாலும் வெல்லமும் கறுப்பு டப்பாவுக்குள் இருந்தன. அக்கா மஞ்சள் கொத்தைப் பெட்டியைச் சுற்றியே கட்டிவிட்டிருந்தார். பந்தயத்தில் எதிர்ப்பக்கம் என்றாலும் பண்டிகையில் குறை வைக்கக்கூடாது. சார் புது வேட்டியோடு கிழக்கே பார்த்து நின்றார், தாமதமாக வருகிற ரயிலை எதிர்பார்த்துக் கொடியோடு நிற்பது போல.

“சார், உங்க ஆளு லீவு போட்டுட்டான் போல,” என்றார் டெய்லர், கரும்பைக் கடித்துக்கொண்டே.

“வருவான். அவனுக்குப் பண்டிகை. குளிச்சிட்டு வருவான்.”

வந்தான். தெரு முழுக்கச் சாப்பிட்டு முடித்து ஏப்பம் விட்ட பிறகு வந்தான். முதலில் கழுவாத தட்டு மாதிரி இருந்தான். அப்புறம் புகை விலகியது. சார் மூடியைத் திருப்பினார். கண்ணாடியில் வேர்த்தது. உண்ட களைப்பில் இருந்தவர்கள் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். எதிர்வீட்டுப் பெண் நாற்காலியே கொண்டுவந்துவிட்டாள்.

மத்தியானம் தாண்டியது. டப்பா அசையவில்லை. சார் நெய் எடுத்துவர உள்ளே போனார். அக்கா என் வண்டிக்கு வந்தார்.

“நெருப்பு இருக்காம்மா? ரெண்டு துண்டு குடு.”

“இன்னாத்துக்கு அக்கா?”

பெட்டியைப் பார்த்தார். எனக்குப் புரிந்தது.

“பொங்கலன்னா உங்களுக்குத்தானே அக்கா காஸு?”

“வீட்டுக்குள்ள தோக்கட்டும்மா. தெருவுல தோக்கக்கூடாது.”

தகரத்தில் கங்கு எடுத்துக் கொடுத்தேன். அக்கா யார் முகத்தையும் பார்க்காமல் போய்ப் பெட்டிக்கு அடியில் தள்ளினார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள்.

சார் நெய்யோடு வந்தார். பாதி வழியிலேயே நின்றார். பல வருஷமாகத் தன் சமையலில் நெருப்பு வாசனை பார்க்காத மூக்கு. குனிந்தார். கங்கைப் பார்த்தார்.

“யாரு வச்சது?”

“நான்தான்,” என்றார் அக்கா.

சார் அவரையே பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தோம். வரவில்லை.

“நீ எந்தக் கட்சி?” என்றார் மெதுவாக.

சார் ஒரு குச்சியால் கங்கை வெளியே தள்ளித் தண்ணீர் ஊற்றி அணைத்தார்.

“என் வெயிலுக்கு யாரும் முட்டுக் குடுக்க வேணாம்.”

பிறகு கண்ணாடியைத் தூக்கினார். டப்பாவைத் திறந்தார். ஆவி வந்தது. ஏலக்காய் வாசனை வந்தது. அரிசி பூவாக வெந்து, வெல்லத்தில் ஊறி, பொன் நிறத்தில் இருந்தது. விளிம்பு வரைக்கும் சுத்தம். ஒரு சொட்டு வழியவில்லை.

அந்தப் பெட்டியில் எதுவும் பொங்காது. நிதானமாக வேகும். என் சமையலில் வழிவதும் கிடையாது, பாத்திரம் அடிப்பிடிப்பதும் கிடையாது என்று அத்தனை வருஷமும் பெருமை பேசியவர் அவரேதான். பந்தயம் கட்டிய அன்று அது ஞாபகம் வரவில்லை. தெருவில் வேறு யாருக்கும்கூட வரவில்லை.

வழிந்த மாதிரி இருக்கு என்று ஒருத்தர் சொல்லியிருந்தால் எல்லாரும் ஆமாம் போட்டிருப்போம். சார் இடம் கொடுக்கவில்லை. நிமிர்ந்து நின்று தெருமுனை வரை கேட்கிற மாதிரிச் சொன்னார்.

“வெந்திருக்கு. பொங்கல.” அப்புறம் அக்காவைப் பார்த்து, “காஸ் வாங்கிக்கலாம்.”

அக்கா கரண்டியை வாங்கினார். ஒரு வாய் எடுத்துத் தின்றார். சாரைப் பார்த்து, யாருக்கோ நேரம் சொல்வது போல, “பொங்கலோ பொங்கல்,” என்றார்.

பஞ்சர் கடைக்காரன் எங்கிருந்தோ மேளத்தை எடுத்து அடிக்க ஆரம்பித்தான்.

“தோத்தவனுக்கு எதுக்குடா மேளம்?”

“இது நேத்தியது சார். நீதான் அடிக்க வுடலியே.”

தெரு முழுக்க இரண்டாம் முறை சாப்பிட்டது. டப்பா சின்னது. ஆளுக்கு ஒரு உருண்டை. எனக்கு அக்காவே கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் வீட்டுப் பொங்கலைவிட நன்றாக இருந்தது. அதை நான் என் வீட்டில் சொல்லவில்லை.

சொன்ன சொல்லை சார் காப்பாற்றினார். காஸ் ஆபீஸில் தானே போய் வரிசையில் நின்றார். நின்ற நேரத்தில் முன்னால் இருந்தவருக்கும் பின்னால் இருந்தவருக்கும் மாசி வெயிலைப் பற்றிச் சொன்னார். இரண்டு பேர் வரிசையை விட்டே போய்விட்டார்கள் என்று கேள்வி.

சிலிண்டர் வந்தது. பளபளவென்று அடுப்பும் வந்தது. அன்று ராத்திரி அக்கா காபி போட்டார்.

மறுநாள் காலை நான் இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டுக்கொண்டிருந்தேன். தெருவில் சக்கரச் சத்தம். அக்கா பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். தெரு நடுவில் நிறுத்தினார். களைந்த அரிசியை டப்பாவில் போட்டு உள்ளே வைத்தார். மூடியைத் திருப்பி வெயிலைப் பிடித்தார். சார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னாக்கா, காஸு வந்துட்டுதே?” என்றேன்.

“தீ சரியா வரலம்மா. அடுப்புல ஏதோ கோளாறு.”

புது அடுப்பு. மாசி முழுக்கக் கோளாறு. பங்குனியிலும் கோளாறு. ஐப்பசியில் முதல் மழை விழுந்த அன்று அது தானாகச் சரியானது. தை பிறந்ததும் மறுபடி கெட்டது. நான் அந்தத் தெருவில் இருந்தவரை வருஷா வருஷம் அப்படித்தான். அதைப் பழுதுபார்க்க அக்கா ஒருநாளும் ஆள் கூப்பிடவில்லை.